ஐந்து பேருக்காக வரைந்த வாசல்

2025 ஏப்ரல் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு, டொரொன்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில், டோர்செட் பார்க் பகுதியின் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், பதினோராம் மாடியில் ஒரு கதவைத் தட்டினேன். திறந்த கதவு பாதியில் நின்றுவிட்டது. பின்னால் குவிந்திருந்த காலணிகள் அதைத் தடுத்தன. நான் பக்கவாட்டில் நுழைந்தேன். என் பெட்டி நுழையவில்லை.

“பெட்டியை விடும், பிள்ளை. பொடியங்கள் தூக்குவாங்கள். முதல் நீர் வாரும்” என்றார் அந்த வீட்டுத் தலைவி ராஜினி அன்ரி.

திருச்சியில் முதுகலைத் தமிழ் இலக்கியம் படிக்கும் நான், ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறைக்காக அந்நகருக்குச் சென்றிருந்தேன். பட்டறைக்காரர்கள் என்னை இந்த யாழ்ப்பாணக் குடும்பத்தோடு தங்கவைத்தார்கள். கணவர், மனைவி, மகள், இரண்டு மகன்கள் என ஐந்து பேர். நயாகரா நீர்வீழ்ச்சியை நான் பார்க்கவில்லை. ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று சித்திரைப் புத்தாண்டு. வீட்டில் பண்டிகைக்கான அடையாளம் எதுவும் இல்லை.

“இண்டைக்கு ஒருத்தருக்கும் லீவில்லை. எங்களுக்கு வருசம் வெள்ளிக்கிழமைதான்” என்றார் அன்ரி. பெரிய வெள்ளிக்கு நாடு முழுவதும் விடுமுறை. ஆகவே உறவினர்கள் அன்றுதான் வீடு வீடாகப் போவார்களாம். பஞ்சாங்கம் நான்கு நாள் தள்ளிப்போவதை இவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொண்ட மனிதர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் பேசிய இரண்டு வாக்கியங்களைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். “நீர் படத்திலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீர். பரவாயில்லை, புட்டு சாப்பிடுவீர்தானே?”

புட்டும் சொதியும் சாப்பிட்டேன். சொதி தேங்காய்ப்பாலில் செய்த இளமஞ்சள் குழம்பு. எங்கள் வீட்டில் குழம்பு என்றால் நாக்கை அதட்டும். இது நாக்கிடம் அனுமதி கேட்டது. எனக்கு அந்தப் பழக்கம் பிடித்திருந்தது.

மாலையில் மகள் லக்சனா வந்தாள். கட்டடக்கலையில் இறுதியாண்டு மாணவி. கனடாவிலேயே பிறந்தவள். கையில் ஓர் அட்டைக் கட்டடம் இருந்தது. அது நாங்கள் நின்றுகொண்டிருந்த அதே கட்டடத்தின் மாதிரி என்பதை அறிய எனக்குச் சற்று நேரமானது.

அவளுடைய இறுதித் திட்டத்தைச் சொல்வது எளிது. இந்த மாடிகளில் வாழ்பவர்கள் காலணியோடு வீட்டுக்குள் போவதில்லை. வெளியே விட்டால், தீ விபத்துப் பாதுகாப்பு விதியின்படி தாழ்வாரத்தில் பொருள் வைக்கக் கூடாது என்று நிர்வாகம் கடிதம் ஒட்டுகிறது. உள்ளே விட்டால் கதவு திறப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கதவையும் மூன்றடி உள்ளே தள்ளி, வாசலில் காலணிக்கென்று ஒரு சிறு இடம் ஒதுக்கி, முழு மாடியையும் அவள் திருத்தி வரைந்திருந்தாள்.

“பெப்ரவரியிலை ரிவியூ நடந்தது, அக்கா” என்றாள். ரிவியூ என்பது மாணவர் தம் வரைபடங்களைச் சுவரில் மாட்டி, நடுவர்கள் முன் நின்று, எல்லோரும் பார்க்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சடங்கு. எங்கள் பல்கலைக்கழக வாய்மொழித் தேர்வில் தேநீரும் மிக்சரும் உண்டு. நெறியாளர் நம் பக்கம் உட்காருவார். இங்கே எல்லா நாற்காலிகளும் எதிரே.

“ஒருத்தர் சொன்னார், இது சமூகவியல், கட்டடக்கலை எங்கையெண்டு. மற்றவர் நல்லவர் மாதிரி, உங்கட கலாசார வீட்டிலையிருந்து ஏதாவது கொண்டுவாங்கோ, ஒரு முற்றம் கிற்றம் எண்டார். லைக், சீரியஸ்லி? நான் பிறந்தது ஸ்கார்பரோவிலை. என்ரை கலாசார வீடு பதினோராம் மாடி.”

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். விலகல் படிவம். வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு இறுதி ரிவியூக்கள் தொடங்கும். அன்று நான்கரை மணிக்குள் அந்தப் படிவத்தைக் கொடுத்துவிட்டால், தோல்வி என்று பதிவாகாது. விலகினாள் என்று மட்டும் பதிவாகும். கொடுத்தால் திரும்பி வரப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். கையெழுத்தும் போட்டிருந்தாள்.

“அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ.”

எனக்கு அவளைத் தெரிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சொல்வதில்லை என்றேன்.

அவளுக்கு என்னிடம் ஒரு வேலையும் இருந்தது. கட்டடத்தில் வாழும் ஒன்பது பேரிடம் அவள் பதிவு செய்த பேச்சுகளை ஆங்கிலத்தில் சுவரில் மாட்ட வேண்டும். தாயார் மொழிபெயர்த்ததைப் பெப்ரவரியில் நடுவர்கள் ஏற்கவில்லை. குடும்பத்தினர் அல்லாத ஒருவர் வேண்டுமாம். அந்தத் தகுதி என்னிடம் ஐயத்துக்கு இடமின்றி இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் எதிர்த்திசைப் பேருந்தில் ஏறிவிட்டேன். எங்கள் ஊரில் இது நடக்காது, ஏறியவுடன் நடத்துநர் “எங்கம்மா போகணும்?” என்று கேட்டு, தவறென்றால் பேருந்தே கேட்கும்படி சொல்லி இறக்கிவிடுவார். இங்கே அட்டையைத் தட்டிவிட்டால் யாரோடும் ஒரு சொல் பேசாமல் நகரத்தின் விளிம்புவரை தவறாகவே போகலாம். இருபது நிமிடம் போனேன். பேச வேண்டியதில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்ததையும் ஒப்புக்கொள்கிறேன். இறுதியில் ஓட்டுநரிடம் கேட்டேன். “அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, இதே எண்ணில் ஏறு. கவலைப்படாதே, எல்லோரும் ஒருமுறை செய்வதுதான்” என்றார். பட்டறைக்குச் சென்றபோது அறிமுகங்கள் முடிந்திருந்தன. அதுவும் ஆறுதலே.

புதன்கிழமை லக்சனாவின் கல்லூரிக்குப் போனேன். நகர மையத்தில், பழைய செங்கற்கட்டடம். நுழைவாயிலில் ‘இங்கே எல்லோருக்கும் இடம்’ என்ற பெரிய சுவரொட்டி; அதில் சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி லக்சனா. பக்கத்தில் இன்னொருத்தி, ஹோதான். சோமாலியப் பெற்றோரின் மகள், அவ்வகுப்பின் ஒரே கறுப்பின மாணவி.

“முதல் வாரத்திலேயே எங்களைப் படம் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் அவ்வளவு சிரிக்கவில்லை” என்றாள் ஹோதான் ஆங்கிலத்தில்.

வரைபடங்களில் அளவு காட்டுவதற்காகச் சிறு மனிதர்களை ஒட்டுவார்கள். அதற்கென்று கணினியில் ஒரு தொகுப்பு உண்டு: சைக்கிளோடு ஓர் ஆண், நாயோடு ஒரு பெண், பலூனோடு ஒரு குழந்தை. எல்லோரும் வெள்ளையர், எல்லோரும் எங்கோ உற்சாகமாகப் போய்க்கொண்டிருப்பவர்கள். லக்சனா அவர்களை நீக்கிவிட்டு அயலவர்களைப் படம்பிடித்து ஒட்டியிருந்தாள். சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட் அணிந்த தாயார். சாரம் என்று அவர்கள் சொல்லும் லுங்கியோடு, பொருள் வாங்கும் இழுவண்டியைப் பிடித்திருந்த ஆறாம் மாடிப் பரமேஸ் அண்ணை.

“முதலாண்டில் நான் என் மனிதர்களுக்குக் கறுப்பு நிறம் தீட்டினேன். ‘ஏன் எல்லோரும் நிழலில் நிற்கிறார்கள்?’ என்று கேட்டார் ஆசிரியர்” என்றாள் ஹோதான். அவள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

ஊரை உயர்த்திப் பேசவும் எனக்கு வாயில்லை. என் விடுதி அறைத்தோழி கட்டடக்கலை படித்தவள். முதலாண்டில் ‘நீங்கள் வளர்ந்த வீட்டை வரைந்து வாருங்கள்’ என்றார்கள். ஒற்றை அறையும் தெருக்குழாயுமாக இருந்த தன் காலனி வீட்டை அவள் வரையவில்லை. அடுத்த கட்டில்காரியின் வீட்டை, அவள் சொல்லச் சொல்ல, கார் நிறுத்துமிடம் உட்பட வரைந்து கொடுத்தாள். நல்ல மதிப்பெண் வந்தது. அந்த வரைபடத்துக்கு அளவுகோல் பிடித்துக் கொடுத்தவள் நான். அதில் பிழை எதுவும் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை என் மொழிபெயர்ப்பை லக்சனாவிடம் கொடுத்தேன். ஒன்பது பேச்சுகள், ஒன்பது பக்கங்கள். இலக்கணப் பிழை ஒன்றும் இராது. அவள் படித்துவிட்டுத் தயங்கினாள்.

“அக்கா, நல்லாயிருக்கு. ஆனால் எல்லாரும் ஒரே ஆள் மாதிரிக் கதைக்கினம். இது பரமேஸ் அண்ணை இல்லை. ஆரோ ஒரு லோயர்.”

பதிவை மீண்டும் கேட்டேன். பரமேஸ் அண்ணை சொன்னது இது: “வெளியிலை விட்டால் ஒபிஸ் கடிதம் போடுது. உள்ளுக்கு விட்டால் மனிசி கத்துது. பிறகு நான் எங்கை கழட்டிறது, எலிவேட்டருக்குள்ளையோ?” நான் எழுதியிருந்தது: ‘காலணிகளை வைப்பதற்குப் போதிய இடவசதி இல்லை.’ பெப்ரவரி நடுவர்கள்மேல் இரண்டு நாளாகக் கோபம் வளர்த்துவந்த நான், அவர்களுக்கு வசதியான ஒரு மனிதரைத் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்பதையும் திருப்பி எழுதினேன்.

வியாழன் காலை மாதிரிக் கட்டடத்தை இருவரும் பேருந்தில் ஏற்றினோம். பயணிகள் எழுந்து அதற்கு இருக்கை கொடுத்தார்கள், எனக்குக் கிடைக்கவில்லை. பின்னிருக்கையில் இருந்த ஒரு பிலிப்பினோ முதியவர் குனிந்து பார்த்து, “இது நம்முடைய கட்டடம் அல்லவா? எட்டாம் மாடியில் என் ஜன்னல் எது?” என்றார். லக்சனா ஒரு சிறு சதுரத்தைக் காட்டினாள். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். “என் பால்கனிக் கம்பி உடைந்திருக்கிறது. நீ சரிசெய்துவிட்டாய்” என்று நன்றி சொல்லி இறங்கிப்போனார்.

கல்லூரியில் லக்சனா புதிதாக ஒன்று செய்தாள். அவளும் ஹோதானும் நீலநிற ஒட்டுநாடாவால் ரிவியூக் கூடத்தின் தரையில் லக்சனாவின் வீட்டை உண்மையான அளவில் வரைந்தார்கள்: தாழ்வாரம், புதிய வாசல், கதவு, கூடம், குசினி என்று அவர்கள் சொல்லும் சமையலறை. “மாதிரியைப் பாத்தால் பெட்டியெண்டு சொல்லுவினம். நிலத்திலை போட்டால் நடந்துதானே பாக்கவேணும்” என்றாள் லக்சனா. காலணி இடம் ஆறு சோடிக்கு. வீட்டில் ஐந்து பேர். ஒன்றைத் தாராளமாகச் சேர்த்திருந்தாள். தன் பையை என்னிடம் கொடுத்தாள். படிவம் அதற்குள் இருந்தது.

அவளுடைய முறை மூன்றே காலுக்கு வந்தது. நடுவர்கள் மூவர். ‘சமூகவியல்’ என்று சொன்ன கிரஹாம், நரைத்த தாடியும் நல்ல குரலும் உடையவர். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட மார்வா, கரீபியப் பின்னணி கொண்ட கட்டடக் கலைஞர். மூன்றாமவர் இளைஞர், கடைசிவரை குறிப்பெடுத்தார். லக்சனா பேசத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மின்தூக்கி திறந்தது.

ராஜினி அன்ரி. அவருக்குப் பின்னால் பரமேஸ் அண்ணை, அவர் மனைவி, இன்னும் ஏழு அயலவர்கள், உருளையாகச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் இரண்டு தட்டு.

ரிவியூவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் தாயாரை வரவேண்டாம் என்று லக்சனா சொல்லியிருந்தாள். அவள் குரல் நின்றுபோனது.

“நீ செய், செய். நாங்கள் சும்மா நிக்கிறம்” என்று அன்ரி மெல்லச் சொன்னார். பிறகு நிற்க இடம் தேடித் தரையைப் பார்த்தார். நாடாக் கோட்டைத் தொடர்ந்தார். வாசலை அடையாளம் கண்டுகொண்டார். அந்த இடத்தில் நின்று, ஒரு கையால் இல்லாத சுவரைப் பிடிப்பதுபோல் நீட்டி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே போனார்.

அவர் பின்னால் வந்த ஒன்பது பேரும் அவ்வாறே செய்தார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் செய்யவில்லை. வெறும் தரையில் நீலநாடா. அதற்குப் போய் யாராவது காலணி கழற்றுவார்களா என்று நான் எண்ணிக்கொண்டிருந்தபோது, என் காலணிகளும் கழன்றிருந்தன. வலது காலுறையில் பெருவிரல் தெரிந்தது.

மார்வா எழுந்து வந்து காலணிகளை எண்ணினார். பதினொரு சோடி. ஆறு லக்சனா வரைந்த இடத்தில். ஐந்து கோட்டைத் தாண்டித் தாழ்வாரத்தில், விதி எங்கே கூடாது என்கிறதோ அங்கே.

“இது ஏப்ரல். ஜனவரியில் பனிச் சப்பாத்துகளோடு வந்தால்?” என்றார் மார்வா.

லக்சனா கோட்டுக்கு வெளியே கிடந்த சோடிகளை எண்ணத் தொடங்கினாள்.

கிரஹாமும் எழுந்து வந்தார். நாடாவில் வரைந்த கதவருகே வந்ததும் நின்றுவிட்டார். உள்ளே பதினொரு பேர் காலுறையோடு நிற்கும் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று அவருக்குத் தெரியவில்லை. “நான் உள்ளே வரலாமா?” என்று பரமேஸ் அண்ணையைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஓம், கழட்டிப்போட்டு வரச்சொல்லும். ஆனால் எங்கை விடப்போறார் எண்டு கேளும்” என்று பரமேஸ் அண்ணை என்னிடம் சொன்னார்.

லக்சனா இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள். குடும்பத்தினர் அல்லாதவள் நான்தான். ஒரு சபையில் கேட்காமல் நான் வாய் திறந்தது அதுவே முதல்முறை. “கழற்றிவிட்டு வரலாமாம். ஆனால் எங்கே வைப்பீர்கள் என்று கேட்கிறார்” என்று, ஒரு சொல்லையும் திருத்தாமல், ஆங்கிலத்தில் சொன்னேன்.

கூடம் சிரித்தது. கிரஹாமும் சிரித்தார். ஆனால் அவர் விடவில்லை. “அவர் கேட்பது சரி. எத்தனை பேருக்கு இதை வரைந்தாய்?” என்று லக்சனாவிடம் கேட்டார்.

“ஐந்து பேருக்கு. ஒன்று கூடுதல்.”

“அப்படியானால் உன் சொந்தச் சோதனையிலேயே இது தோற்றுவிட்டது.”

லக்சனா காலணிகளைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்றே நினைத்தேன். பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் நிமிர்ந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

“ஆம், தோற்றுவிட்டது. வீட்டில் இருப்பவர்களை எண்ணினேன், வருபவர்களை எண்ணவில்லை. எங்கள் வீட்டில் ஐந்து பேர் மட்டும் இருந்த நாளே கிடையாது. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பெப்ரவரியில் இது கட்டடக்கலையே அல்ல என்றீர்கள். இன்றைக்கு அளவு தவறு என்கிறீர்கள். அளவு தவறென்றால் அதை நான் திருத்த முடியும்.”

கிரஹாம் தாடியைத் தடவினார். “நான் பெப்ரவரியில் சொன்னது தவறு” என்றார். அதை அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். ஆயினும் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

நான்கு மணி பன்னிரண்டுக்கு நடுவர்கள் முடிவெடுக்க உள்ளே போனார்கள். லக்சனா என்னிடம் வந்தாள். “அக்கா, அந்தப் படிவம்.” எடுத்துக் கொடுத்தேன். அலுவலகம் கீழ்த்தளத்தில், இரண்டு நிமிட நடை. முடிவு தெரிவதற்குள் நான்கரை ஆகிவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் படிவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அயலவர்கள் புறப்பட ஆயத்தமாகி, காலணியை எடுக்கக் குனிந்தார்கள்.

“ஒருத்தரும் சப்பாத்தை எடுக்காதேங்கோ!” என்று கத்தினாள் லக்சனா.

எல்லோரும் குனிந்தபடியே உறைந்தார்கள். அவள் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தரையில் முழங்காலிட்டாள். குவியலின் நீளம், அகலம், கதவிலிருந்து அதன் தொலைவு. ஒரு பெரிய சப்பாத்து, ஒரு சிறியது. எழுதத் தாள் தேடினாள். கையில் இருந்ததைத் திருப்பினாள். படிவத்தின் பின்பக்கத்தில் எண்களாக எழுதத் தொடங்கினாள். நான் நாடாவின் மறுமுனையைப் பிடித்தேன்.

“என்ன பிள்ளை, நாங்கள் இதுக்குள்ளையே குடியிருக்கிறதோ? குசினி எந்தப் பக்கம்?” என்றார் பரமேஸ் அண்ணை.

“இஞ்சை, இதுதான் குசினி” என்று அன்ரி நாடாவுக்குள் நகர்ந்து, அங்கே வைத்து ரோல்ஸைப் பங்கிட்டார். ஹோதான் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பன்னிரண்டாவது சோடி, லக்சனா அதையும் அளந்தாள். மணி நான்கு முப்பத்தாறு ஆகியிருந்ததை நான்தான் முதலில் கவனித்தேன். சொல்லவில்லை.

ஐந்து மணிக்குச் சற்று முன் மார்வா வெளியே வந்தார். தேர்ச்சி. ஒரு நிபந்தனை: ஒரு வாரத்துக்குள் வாசலைத் திருத்தி வரைந்து கொடுக்க வேண்டும். பின்னாலிருந்து கிரஹாம், “ஜனவரியையும் சேர்த்து வரைந்து வா” என்றார். அன்ரி தேர்ச்சி என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அவருக்கு ஒரு ரோல்ஸ் கொடுத்தார். அவர் அதை வாசலுக்கு வெளியே நின்று சாப்பிட்டார். உறைப்பில் கண் கலங்கியது.

திரும்பும்போது சுரங்க ரயிலில் பன்னிரண்டு பேர். நான் இருக்கை கிடைத்தும் உட்காரவில்லை. நான்கு நாளாக என் தோளில் ஏறியிருந்த ஒன்று இறங்கிவிட்டதுபோல் இருந்தது. நின்றாலே இலேசாக இருந்தது. அந்தப் படிவத்தைப் பற்றி அன்ரிக்கு இன்றுவரை தெரியாது. அவர் தமிழ்க் கட்டுரைகள் படிப்பதில்லை என்று லக்சனா உறுதி கூறியிருக்கிறாள்.

மறுநாள் பெரிய வெள்ளி. அந்த வீட்டுக்குப் புத்தாண்டு. எட்டரை மணிக்கே உறவினர்கள் வரத் தொடங்கினார்கள். லக்சனா பலகாரத் தட்டோடு அலைந்ததால், திருத்தப்போகும் வாசலுக்காகக் காலணிகளை எண்ணும் பொறுப்பு எனக்கு. கதவுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பட்டறைக்காக வாங்கிய குறிப்பேட்டில், மணியை இடப்பக்கமும் சோடிகளை வலப்பக்கமும் எழுதிவந்தேன். பத்தரைக்குப் பத்தொன்பது. மீண்டும் கதவு தட்டும் ஒலி. எழுந்து திறந்தேன். அது ஓரடி நாலங்குலம் திறந்து நின்றது. வெளியே நின்றவர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அதையும் அளந்து குறித்தேன்.